குற்றம் கார்ப்பரேட்டருடையது அன்று

முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில், நெறியாளருக்கும் நூலகத்துக்கும் பிறகு இருவரைக் குறிப்பிட்டிருந்தேன். ஒருவர் எங்கள் கள வாகனத்தை ஓட்டியவர். மற்றவர் அதைப் பழுது நீக்கியவர். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த வரியைச் சுட்டி, "அலையாத்திக் காடுகளைப் பற்றிய ஆய்வில் மெக்கானிக்குக்கு என்ன வேலை?" என்று புன்னகையோடு கேட்டார். அவையில் நேரம் குறைவாக இருந்ததால் நானும் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இங்கே எழுதுகிறேன். களப்பணிக்குப் புறப்படும் இளைய மாணவர்களுக்கு இது பயன்படலாம்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் அந்தமான் தீவுகளைச் சமமாக அசைக்கவில்லை. தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே மாயாபந்தர், டிக்லிப்பூர்ப் பகுதிகளில் கடலோரம் மேலெழுந்தது. போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அருகிலுள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் ஓதம் நிரந்தரமாகப் புகுந்தது. வடக்கிலோ, அலை எட்டாத மேட்டில் நின்றுபோன அலையாத்தி மரங்கள் காய்ந்து மடிந்தன. தாழ்ந்த கரையிலும் உயர்ந்த கரையிலும் அலையாத்தி நாற்றுகள் எப்படி வேரூன்றுகின்றன என்பதை ஒப்பிடுவதே என் ஆய்வு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிகவும் உள்வாங்கும் சில மணி நேரங்களில்தான் அளவெடுக்க முடியும். ஒரு பௌர்ணமி தவறினால் இரண்டு வாரம் போயிற்று.

தெற்கிலிருந்து வடக்கே போக அந்தமான் நெடுஞ்சாலை உண்டு. 300 கி.மீ.க்கு மேல் நீளும் அச்சாலை, ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஏறக்குறைய 50 கி.மீ. தொலைவு ஜாரவா பழங்குடியினரின் காப்புவனத்தை ஊடறுத்துச் செல்கிறது. குறித்த நேரங்களில் காவல்துறைத் துணையோடு வண்டிகள் அணியாகவே செல்ல வேண்டும். நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இதற்கு அடிப்படை. காப்புவனப் பகுதியில் இச்சாலையை மூட வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், சாலை இன்னும் திறந்தே இருப்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். அவர்கள் வெளியாருடன் அச்சமின்றிப் பழகத் தொடங்கிய ஓரிரு ஆண்டுக்குள், 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு ஒரு வாரக் காய்ச்சலாகக் கழிவது அவர்களுக்கு அப்படிக் கழியாது.

எங்கள் வாகனம் 1998ஆம் ஆண்டுப் பதிவு பெற்ற ஒரு ஜிப்சி. பின்னிருக்கைகளைக் கழற்றித் தகரத் தளம் அடித்து, யாரோ ஒரு மூத்த ஆய்வாளர் காலத்திலேயே அதைப் பிக்அப் ஆக்கியிருந்தார்கள். மண் மாதிரி எடுக்கும் குழாய்கள், ஓத அளவுக் கம்பங்கள், நாற்றுத் தட்டுகள் எல்லாம் அதில் ஏறும். இந்தியக் கார்களில் எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு முறை வேரூன்றுவதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது அது. கார்ப்பரேட்டர் உள்ள வண்டி.

கார்ப்பரேட்டரை அறியாத தலைமுறைக்கு இரண்டு வரி. என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, பக்கத்துச் சட்டியில் நிற்கும் பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியே இழுத்துக் காற்றோடு கலக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்கான கணக்கு. சட்டியில் பெட்ரோலின் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவையும் ஊசி வால்வும். வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் மிதவைக் குழாயின் அதே தத்துவம்தான். கணினி இல்லை, உணரி இல்லை. எல்லாம் அழுத்த வேறுபாட்டின் வேலை. இந்தக் கடைசிச் சொற்றொடரை நானே வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைவில் வையுங்கள்.

2020 ஜனவரியில் தொல்லை தொடங்கியது. காலையில் வண்டி நன்றாகவே கிளம்பும். சிறிது தொலைவு போனதும், குறிப்பாக ஏற்றத்தில், திணறும், இருமும், நின்றுவிடும். பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பும். மழைக்காலத்தில் இரண்டு மாதம் கொட்டகையில் கிடந்த வண்டி. கார்ப்பரேட்டரில் அழுக்கு என்று நிலையத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எண்ணினேன்.

ஆய்வு மாணவன் அல்லவா, முதலில் இலக்கியத் தேடல் நடத்தினேன். பழைய வண்டிக்காரர்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைக் குற்றம் சாட்டின: அது காற்றின் ஈரத்தை இழுக்கும், ரப்பர்க் குழாயை அரிக்கும், டேங்கின் அடியில் நீராகப் பிரியும். ஈரக்காற்று நிறைந்த தீவில் இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறென்ன வேண்டும்? டேங்கை முழுவதும் வடித்தேன். வெள்ளைத் தட்டில் துருத்துகள் சில தெரிந்தன. தேடியது கிடைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

பிறகு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து வேலைகளைச் செய்தேன். வடிகட்டியை மாற்றினேன். பிளக்குகளை மாற்றினேன். கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். மெயின் ஜெட்டில் ஏதோ அடைத்திருப்பதுபோல் தோன்றவே, தையல் ஊசியை விட்டுக் குடைந்தேன். கலவைத் திருகை, முன்பு அது எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணாமலேயே, காதுக்கு இனிய ஓசை வரும்வரை திருப்பினேன். டேங்கில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றினேன். இரண்டு நாள் ஊருக்குள் ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை. 'பழுது நீங்கியது' என்று கள ஏட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

பிப்ரவரி 9 பௌர்ணமி. 7ஆம் தேதி அதிகாலை, டேங்கை நிரப்பிக்கொண்டு மாயாபந்தருக்குப் புறப்பட்டோம். முதல் வாகன அணியைப் பிடிக்க வேண்டும். சிப்பிகாட் தாண்டும்போதே வண்டி நின்றது. பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியது. துஷ்னாபாத் தாண்டிய ஏற்றத்தில் மீண்டும் நின்றது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "நின்றாலும் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறதே, போய்விடலாம்" என்று சொன்னவன் நான்தான். அதை மறைத்து எழுதினால் இந்தப் பதிவுக்குப் பொருளில்லை.

ஓட்டுநர் சாவியைத் திருப்பவில்லை. சோட்டாநாகபுரியிலிருந்து காடு வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர் அவர்; தீவில் 'ராஞ்சி' என்று அழைக்கப்படும் சமூகம். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சார், இங்கே நின்றால் அது நம்முடைய பிரச்சினை. உள்ளே நின்றால் அவர்களுடைய பிரச்சினை. உங்களுக்கு இரண்டு நாளாகச் சளி வேறு." நான் பேசாமலிருந்தேன். சட்டத்தையும் தட்டம்மையையும் பற்றி என் ஆய்வு முன்வரைவின் அறவியல் பகுதியில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் பாராட்டியும் இருந்தார்கள். அதை அந்தச் சாலையில் நினைவில் வைத்திருந்தவர் அவர். வண்டியைத் திருப்பினோம். அந்தப் பௌர்ணமி போயிற்று.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் அவரே அழைத்துப் போனார். 1980களில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அறுபதை நெருங்கும் வயது. நான் செய்த ஐந்து வேலைகளையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை.

"ஸ்குரூவு எத்தன சுத்துல இருந்துச்சு தம்பி?"

"எண்ணலண்ணே."

"ஜெட்ட எதுல குத்துனீக?"

"தையல் ஊசி."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி. அது அப்பறம். நிக்கிறது எப்ப நிக்கிது? டேங்கு நெறைய இருந்தா சீக்கிரம் நிக்கிதா, கொறைய இருந்தா சீக்கிரம் நிக்கிதா?"

அபத்தமான கேள்வியாகப்பட்டது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி, பெட்ரோல் குறைவாக இருக்கும்போதுதானே சீக்கிரம் நிற்க வேண்டும்? ஆனால் கள ஏட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எரிபொருள் அளவைக் குறித்து வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். டேங்க் நிறைந்திருந்த இரு நாள்களில் 9, 11 கி.மீ.யில் நின்றிருக்கிறது. பாதி இருந்தபோது 31 கி.மீ. ஐந்து லிட்டர் மட்டும் இருந்தபோது நிற்கவே இல்லை. இந்த எண்களுக்குக் கீழே என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது: 'எரிபொருள் அளவுடன் தொடர்பு இல்லை'. நான் எதிர்பார்த்த திசையில் தொடர்பு இல்லை என்பதையே, தொடர்பே இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

எத்தனாலைப் பற்றிச் சொன்னபோது அவர் தலையசைத்தார். "அதெல்லாம் அங்கிட்டு தம்பி. இங்க வர்ற எண்ணெயில அது கெடையாது." பிறகு சரிபார்த்தேன். 2019 ஏப்ரல் 1 முதல் எத்தனால் கலப்புத் திட்டத்தை நாடு முழுவதும் விரித்தபோது, அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. என் கருதுகோளின் முதன்மைக் காரணி என் களத்திலேயே இல்லை.

டேங்கை நிரப்பிக்கொண்டு, அவரும் உடன்வர, மீண்டும் அதே சாலையில் போனோம். "நின்ன எடத்துல பாத்தாத்தான் நோவு தெரியும்" என்றார். நின்றது. காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி, ஆக்சிலேட்டர் இணைப்பைக் கையால் இழுத்தார். சட்டியில் பெட்ரோல் இருந்தால் அப்போது ஒரு மெல்லிய தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லை. சட்டி காலி. அப்படியானால் குறை கார்ப்பரேட்டருக்கு முந்திய வழியில்.

பின்பக்கம் போய் எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சில முறை ஸ்டார்ட்டர் சுழன்றதும் வண்டி உயிர்பெற்றது. மூன்று வாரப் பாடு மூன்று நிமிடத்தில் தெளிந்தது.

பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்கினுள் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஓரளவுக்குமேல் பம்பால் இழுக்க முடியாது. தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்து உறிஞ்சினால் அது ஒடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஏதேனும் இடுக்கு வழியே சிறிது காற்று கசிந்து சமன்செய்துவிடும். டேங்க் நிறைந்திருந்தால் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பதும் இதிலேயே அடக்கம். மேலே நான்கு லிட்டர் வெற்றிடம் இருக்கையில் ஒரு லிட்டர் செலவானால் உள்ளிருக்கும் காற்று கால் பங்கு விரிய வேண்டும். இருபது லிட்டர் வெற்றிடம் இருந்தால் இருபதில் ஒரு பங்கு விரிந்தால் போதும். பாயில் விதி. பள்ளியில் படித்ததுதான்.

ஆனால் ஏன் இப்போது? அதற்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டியிருந்தது. டேங்கின் காற்றுக் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கொட்டகையில் கிடந்த மாதங்களில் கட்டியிருக்க வேண்டும். அது மட்டும் இருந்தால் வண்டி நின்றிராது. பழைய மூடியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு இருந்தது. நவம்பரில் அந்த மூடியை எடுத்துவிட்டு, பெட்ரோல் திருட்டுப் போகாமலிருக்க, காற்று வழியற்ற பூட்டு மூடியைப் போட்டவர் யார் என்று கேட்டார். நான்தான். ரசீதுகூட என்னிடம் இருந்தது. தனித்தனியே தீங்கற்ற இரண்டு செயல்கள். ஒன்று குளவியுடையது, மற்றது என்னுடையது.

கதை இத்துடன் முடியவில்லை. குழாயைக் குத்தி ஊதி, பழைய மூடியைப் போட்ட பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனால் பெட்ரோல் நெடி அடித்தது, பிளக்குகள் கரியேறின. ஊசியால் குடைந்த ஜெட்டின் துளை பெருத்துவிட்டது. ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் அதன் துளையின் அளவைக் குறிப்பது. அதைக் காற்றால் ஊதித்தான் துப்புரவு செய்ய வேண்டும், உலோகம் உள்ளே போகக் கூடாது. அந்த வண்டியின் கார்ப்பரேட்டரில் உண்மையாகவே இருந்த ஒரே குறை, நான் உண்டாக்கியது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப்பிடித்த மாற்று ஜெட், விமானத்தில் வந்த நண்பர் ஒருவரின் சட்டைப்பையில் பிப்ரவரி 19 அன்று வந்து சேர்ந்தது.

பழைய வண்டியோடு அல்லாடுபவர்களுக்காக அவருடைய வரிசையைப் பதிந்து வைக்கிறேன். நின்ற இடத்திலேயே, என்ஜின் சூட்டையும் பெட்ரோலையும் மனத்தில் கொண்டு, முதலில் தொண்டையில் தாரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் பிளக்கில் பொறியைச் சோதிக்கலாம். வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து ஓசை கேட்கலாம். ஓசை இல்லையேல், வண்டி நன்கு ஆறிய பின், பம்பின் வெளிக்குழாயைப் போத்தலில் விட்டு எண்ணெய் வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் குறை வடிகட்டியிலோ பம்பிலோ. வந்தால் ஊசி வால்வில். இவையெல்லாம் தீர்ந்த பின்னரே கார்ப்பரேட்டரைப் பிரிப்பது. திருகைத் தொடுமுன் சுற்றை எண்ணுவது. ஒரு வேலை, ஓர் ஓட்டம், பிறகு அடுத்த வேலை.

அந்த வாரம் என் ஏடுகளை மறுபடி புரட்டினேன். தெற்குக் கரையில் ஒரு மாதிரிப் பரப்பில் நாற்றுகள் மடிந்ததற்கு மிகை உவர்ப்பே காரணம் என்று வரைவில் எழுதியிருந்தேன். பிச்சாவரத்தில், முன்பு மரங்களை முற்றாக வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தேங்கிய கடல்நீர் வற்றி உவர்ப்பேறியதும், வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பின் காடு மீண்டதும் நன்கு பதிவான செய்திகள். நான் அதையே தீவுக்குக் கொண்டுவந்து பொருத்தியிருந்தேன். ஆனால் ஆண்டுக்கு 3000 மி.மீ. அளவில் மழை பெறும் இடம் இது. என் நாற்றுகள் மடிந்தவையோ மழை மிகுந்த மாதங்களில். எண்கள் ஏட்டிலேயே இருந்தன. நேரில் போய்ப் பார்த்தபோது சாலைக்கு அடியிலுள்ள மதகு பாதி தூர்ந்து கிடந்தது. வடியாத நீர் ஒரு பகுதி இறப்பை விளக்கியது, எஞ்சியதை விளக்கவில்லை. அந்த இயலில் அப்படியே எழுதினேன்.

பிப்ரவரி 21 அன்று, சளி நீங்கிய நிலையில், வாகன அணியில் காப்புவனத்தைக் கடந்தோம். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை, அதுவே முறை. 23ஆம் தேதி அமாவாசை ஓதத்தில் மாயாபந்தரில் அளவெடுத்தோம். அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. அந்தப் பருவத்தில் வடக்கில் எனக்குக் கிடைத்த தரவு அந்த அமாவாசையுடையது மட்டுமே. ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்து, இருசக்கர வாகனங்களிலிருந்தும் கார்ப்பரேட்டர் விடைபெறத் தொடங்கியது. ஆகஸ்டில், ஐம்பது பேரளவே எஞ்சியுள்ள கிரேட் அந்தமானியர்களில் பத்துப் பேருக்குக் கொரோனா தொற்று உறுதியான செய்தியை வாசித்தேன். துஷ்னாபாத் ஏற்றமும், சாவியைத் திருப்பாத அந்தக் கையும் நினைவுக்கு வந்தன.

ஆகவே, மதிப்பிற்குரிய புறத்தேர்வாளர் அவர்களுக்கு: என் ஆய்வில் மெக்கானிக்குக்கு இருந்த வேலை, என் ஏட்டை எனக்கே வாசித்துக் காட்டியது. ஓட்டுநருக்கு இருந்த வேலை, நான் எழுதிய அறவியல் பக்கத்தை நடைமுறைப்படுத்தியது. நன்றியுரையில் ஒரு வரி என்பது குறைவுதான்.